வீட்டிலேயே செய்யலாம்

அப்பா கையில் எதைக் கொடுத்தாலும் முதலில் அதை வெளிச்சத்தின் பக்கம் கொஞ்சம் சாய்த்துப் பார்ப்பார். மின்சார பில், சாப்பாட்டுத் தட்டு, கடைக்காரர் தந்த மீதிச் சில்லறை, மகளின் மதிப்பெண் பட்டியல், எல்லாம் அப்படித்தான். வலப்பக்கம் ஒரு சாய்ப்பு, இடப்பக்கம் ஒரு சாய்ப்பு, பிறகு லேசாகத் தலையசைப்பு. மகள் பிறந்த அன்று நர்ஸ் கொண்டுவந்து கையில் கொடுத்தபோது அவளையும் ஜன்னல் பக்கம் சாய்த்துப் பார்த்தாராம். "திருப்பிக் குடுத்துடுவாரோன்னு பயந்துட்டேன்" என்று அம்மா இப்போதும் சொல்வாள்.

இது தொழில் கொடுத்த பழக்கம். மருந்துக் கம்பெனி ஒன்றின் கிடங்கில் அவர் செக்கர். ஒவ்வொரு பெட்டியின் மூடியிலும் நகத்தளவு ஹாலோகிராம் ஒட்டியிருக்கும். கிடங்கில் அதற்கு ஜிகினா என்று பெயர். அசல் ஜிகினாவை ஒரு பக்கம் சாய்த்தால் கம்பெனி முத்திரை தெரியும், மறுபக்கம் சாய்த்தால் முத்திரை மறைந்து ஒரு நட்சத்திரம் வரும். போலி என்றால் எப்படிச் சாய்த்தாலும் வெறுமனே பளபளக்கும். பெட்டி லாரியில் ஏறுவதற்கு முன் அப்பா அதைப் பார்த்து "சரி" என்றோ "சரியில்ல" என்றோ சொல்ல வேண்டும். அந்த இரண்டு வார்த்தைக்குத்தான் சம்பளம். வேறு எதைப் பற்றியும் யாரும் அவரிடம் அபிப்பிராயம் கேட்டதில்லை. கூட வேலை பார்த்தவர்கள் அவருக்கு வைத்த பெயர் சாய்வு. எதிரில் சாய்வண்ணே, முதுகுக்குப் பின்னால் வெறும் சாய்வு.

அந்த வீட்டில் கல்லூரி வாசலை முதலில் மிதித்தவள் மகள்தான். இயற்பியல் படித்தாள். படித்து முடித்து, வேலைக்கு விண்ணப்பம் போட்டுக்கொண்டு வீட்டில் இருந்தாள். பட்டத்தை அப்பாவிடம் கொண்டுவந்து நீட்டியபோது வழக்கம்போல் சாய்த்துப் பார்த்துவிட்டு, "இதுல ஜிகினா வைக்கலயா?" என்று மட்டும் கேட்டார்.

அவள் படிப்பு சம்பந்தமாக அவர் கேட்ட ஒரே கேள்வி அதற்குப் பிறகு ஒரு சாயங்காலம் வந்தது. சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிக்கொண்டே கேட்டார்.

"ஏம்மா, இந்த ஜிகினாவை வீட்டுல வச்சுச் செய்ய முடியுமா?"

"ஓ, வீட்டுலயே செய்யலாம்ப்பா. லேசர் இருந்தாப் போதும்."

செல்போனிலிருந்து அவள் தலையைத் தூக்கவில்லை. தேர்வில் முழு மதிப்பெண் வாங்கித் தந்த பாடம் அது. தப்பாக எதுவும் சொல்லிவிடவில்லை என்றுதான் நினைத்தாள்.

மறுநாள் கிடங்கில் விசாரணை. கடைகளுக்குப் போன இருமல் மருந்துப் பெட்டிகள் கொஞ்சம் திரும்பி வந்திருந்தன. எல்லாவற்றிலும் போலி ஜிகினா. கிடங்கை விட்டுப் போகும்போது சாய்வண்ணன் பார்த்து "சரி" சொன்ன பெட்டிகள். எல்லாம் ஒரே டிரைவரின் லாரியில் போனவை. ஆகவே வழியில்தான் சரக்கு மாறியிருக்க வேண்டும், மாற்றியவன் டிரைவராகத்தான் இருக்க வேண்டும் என்று மேனேஜர் முடிவு கட்டியிருந்தார். டிரைவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "சரக்கை மாத்துனேன்னே வச்சுக்குங்க சார், ஜிகினாவுக்கு நான் எங்க போவேன்?"

மேனேஜர் அப்பாவின் பக்கம் திரும்பினார். "இத்தனை வருஷமா நீங்கதான் பாக்குறீங்க. இந்த மாதிரி ஜிகினாவை ஒருத்தர் வீட்டுல வச்சுச் செய்ய முடியுமா?"

"சரி", "சரியில்ல" தவிர மூன்றாவதாக ஒன்றை அந்தக் கிடங்கில் அவரிடம் கேட்டது அதுவே முதல் தடவை. கேள்விக்கு ஏற்ற மரியாதையோடு கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "மனசு வச்சா வீட்டுலயே செய்யலாம் சார். லேசர் இருந்தாப் போதும்" என்றார். அது எழுதிக்கொள்ளப்பட்டது. உங்கள் வீட்டில் லேசர் இருக்கிறதா என்று டிரைவரிடம் கேட்டார்கள். சின்னதாக ஒன்று இருக்கிறது, சுவரில் சிவப்புப் புள்ளி அடித்துப் பூனைக்கு விளையாட்டுக் காட்டுவோம் என்றார் அவர். அதுவும் எழுதிக்கொள்ளப்பட்டது. அடுத்த மாதம் கடைசி விசாரணை, அதுவரை டிரைவர் வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

"இன்னிக்கு என்னைக் கூப்பிட்டு வச்சுக் கேட்டாங்க" என்று அப்பா வீட்டுக்கு வந்து சொன்னார். முகத்தில் கொஞ்சம் பெருமை இருந்தது.

அந்தப் பெருமை அந்த வார முடிவு வரைக்கும் வந்தது. அப்பாவும் மகளும் பஸ்ஸுக்கு நின்றிருந்தபோது டிரைவர் வந்து பக்கத்தில் நின்றார்.

"சாய்வண்ணே, அந்த ஜிகினா எப்படிச் செய்யுறதுன்னு எனக்கும் கொஞ்சம் சொல்லிக் குடுங்களேன். நான்தான் செஞ்சேங்கறாங்க, எனக்கே தெரியாமப் போச்சு. வேலையும் இல்ல, வீட்டுல சும்மாதான் இருக்கேன்."

குரலில் கோபமே இல்லை. இருந்திருந்தால் பதில் சொல்லியிருக்கலாம். பஸ் வந்ததும் அப்பாவை முதலில் ஏறவிட்டுப் பின்னால் ஏறினார், முன்னால் போய் உட்கார்ந்துகொண்டார்.

இரண்டு நிறுத்தம் தாண்டிய பிறகு அப்பா கேட்டார். "செய்யலாம்தானே?"

"செய்யலாம்ப்பா."

"நீ செஞ்சிருக்கியா?"

"இல்ல."

"காலேஜ்ல யாராவது?"

"படம் வரைஞ்சோம்."

"என்ன படம்?"

"அதைச் செய்யுற மாதிரி படம்."

அப்பா ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். "அப்ப செஞ்சு பாத்துடுவோம். வரலைன்னா நானே போய், வீட்டுல வராதுன்னு எழுதிக் குடுத்துடறேன். அவன் வேலைக்குத் திரும்பட்டும்."

வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது அம்மா துணி மடிப்பதை நிறுத்தவில்லை. "வராதுன்னு எழுதிக் குடுங்க. அப்ப அந்தப் போலி எங்கேருந்து வந்துச்சுன்னு கேப்பாங்க. கிடங்குலயே இருந்துச்சுன்னு ஆகும். அதைப் பாத்து 'சரி' சொன்னது யாரு?"

கடைசித் துணியையும் மடித்து மேலே வைத்தாள்.

"வந்தா டிரைவர் வேலை போகும், வரலைன்னா உங்க வேலை போகும். இதுக்குக் காசு குடுத்துச் சாமான் வேற வாங்கணும்" என்று சொல்லிவிட்டு, மடித்ததைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

சாமான் இணையத்தில் கிடைத்தது. ஒளி பட்டதும் பதிந்துகொள்ளும் பூச்சு தடவிய கண்ணாடித் தகடுகள், ஒரு சிறிய சிவப்பு லேசர். மருந்தில் கழுவுகிற வேலையெல்லாம் இல்லை. பார்சல் வந்தபோது மகள் குளித்துக்கொண்டிருந்தாள். வெளியே வந்து பார்த்தால் அப்பா டியூப்லைட்டுக்கு நேர் கீழே நின்று, கறுப்புக் காகிதத்தைப் பிரித்து, தகடுகளை ஒவ்வொன்றாகச் சாய்த்துப் பார்த்து அடுக்கிக்கொண்டிருந்தார்.

"எல்லாம் சரியா வந்திருக்கும்மா. ஒண்ணுலயும் கீறல் இல்ல."

"இருட்டுலதான் பிரிக்கணும்னு மேல எழுதியிருக்கேப்பா."

"பிரிச்சுப் பாக்காம எப்படிச் சரக்கை வாங்கறது?"

டியூப்லைட்டை முழுசாகக் குடித்துவிட்ட தகடுகளை அம்மா பலசரக்கு அலமாரியில் ஜாடிகளுக்கு மூடியாகப் போட்டாள். அடுத்த பார்சலை அவளே கையெழுத்துப் போட்டு வாங்கி, பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

ஹாலோகிராமுக்கு வேண்டியதெல்லாம் அசையாமை என்று மகள் படித்துத் தெரிந்துகொண்டாள். லேசர் ஒளி தகட்டின் வழியாகப் போய்ப் பொருளின் மேல் பட்டுத் திரும்பும். போகிற ஒளியும் வருகிற ஒளியும் தகட்டில் சந்திக்கும். அந்தச் சந்திப்புதான் பதிவாகிறது. பதிகிற சில நிமிடம் பொருளோ தகடோ மயிரிழையில் நூற்றில் ஒரு பங்கு நகர்ந்தாலும் ஒன்றும் பதியாது. வீட்டில் அப்படி நகராத இடம் எது என்று தேடினாள். பக்கத்து அறையில் ஒருவர் நடந்தால் இங்கே தண்ணீர்க் குவளையில் வட்டம் ஓடியது. லாரி டியூப் ஒன்றில் பாதிக் காற்று அடித்துத் தரையில் போட்டு, அதன் மேல் கனமான கற்பலகையை வைத்தால் அதிர்வு மேலே ஏறாது என்று இணையத்தில் போட்டிருந்தது. சமையல் மேடை போட்டதில் மிச்சப்பட்ட கற்பலகை ஒன்று வீட்டில் கிடந்தது.

"லாரி டியூபுக்கு எங்கப்பா போறது?"

அப்பா செருப்பை மாட்டிக்கொண்டு போனார். திரும்பி வரும்போது கூடவே டிரைவரும் வந்தார், தோளில் டியூபோடு. எதற்கு என்று அப்பா சொல்லித்தான் அழைத்துவந்திருந்தார். டிரைவரே முட்டி போட்டு உட்கார்ந்து காற்றடித்தார், விரலால் அழுத்திப் பார்த்தார், கற்பலகையை ஒரு பக்கம் பிடித்து ஏற்றி வைத்தார்.

"இது போதுமாண்ணே? இன்னும் கொஞ்சம் அடிக்கவா?"

"போதும்."

"வந்துச்சுன்னா சொல்லி அனுப்புங்க. நான் எப்படிச் செஞ்சேன்னு நானும் வந்து பாக்குறேன்."

அம்மா கொடுத்த டீயைக் குடித்துவிட்டுப் போனார்.

அடுத்த அதிர்வு மாடியில் இருந்தது. மேல்வீட்டு டெய்லர் அக்காவின் தையல் மிஷின் ஓடினால் கற்பலகைக்கு நடுக்கம் வந்தது. மகள் மேலே போனாள்.

"கொஞ்ச நேரம் மிஷினை நிறுத்த முடியுமாக்கா? கீழ ஒரு வாத்தைப் படம் எடுக்கறோம்."

"வாத்தா? உயிரோடயா?"

"இல்லக்கா, பீங்கான்."

"பீங்கான் வாத்துக்கு என்ன அவசரம்? நான் தைச்சு முடிச்சப்பறம் எடு. அது எங்கேயும் போகாதே."

அதில் நியாயம் இருந்தது. அக்கா சாப்பிடப் போகும் நேரத்தில் எடுப்பது என்று பேசி முடித்தார்கள்.

வாத்துக்கும் ஒரு காரணம் இருந்தது. முதலில் அப்பா இருமல் மருந்துப் பாட்டிலைத்தான் வைத்தார், கேஸ் அதைப் பற்றியதுதானே என்று. பாட்டிலுக்குள் மருந்து தளும்பியதில் தகட்டில் ஒரு கறுப்புக் கறைதான் வந்தது. பிறகு கைக்கடிகாரம் வைத்தார். அது ஓடிக்கொண்டே இருந்தது. கடைசியில் அம்மா அலமாரியிலிருந்து வெள்ளைப் பீங்கான் வாத்தை எடுத்துக் கொடுத்தாள். "இந்த வீட்டுல சொன்ன பேச்சுக் கேட்டு இருக்குற இடத்துலயே இருக்குறது இது ஒண்ணுதான்."

வாத்தை வைத்தும் முதல் தகடு கெட்டது, ஃபிரிட்ஜ் முனகியதால். அடுத்தது அப்பா தும்மியதால். விசாரணைக்கு முந்தின நாள் மிச்சம் இருந்தது ஒரே தகடு.

ஃபிரிட்ஜின் வயரைப் பிடுங்கினார்கள். ஜன்னல்களுக்குப் போர்வை கட்டினார்கள். தகட்டுக்குக் கெடுதல் செய்யாத மங்கலான நீல விளக்கு ஒன்று மட்டும் மூலையில். மகள் வாத்தை இடப்பக்கம் பார்க்கிற மாதிரி வைத்து, அதன் மூக்கில் படாமல் தகட்டைச் சாய்த்து நிறுத்தினாள். லேசரின் முன்னால் கறுப்பு அட்டை. அப்பா எதிரில் ஸ்டூலில் உட்கார்ந்தார். எல்லாம் அடங்கட்டும் என்று இருவரும் காத்திருந்தார்கள். மேலே நாற்காலி நகர்ந்தது, காலடி போனது, மிஷின் நின்றது. அவள் அட்டையை மெதுவாகத் தூக்கினாள். வாத்து சிவந்தது.

அப்போதுதான் அவளுக்கு அது உறைத்தது. ஒரு இருமல் போதும். விரல் நுனியால் கல்லை ஒரு தொடு தொட்டால் போதும். டிரைவர் வேலைக்குத் திரும்பிவிடலாம். அதன் பிறகு அம்மா சொன்ன கேள்வி வரும், அப்பா போக வேண்டியிருக்கும். அசையாமல் இருந்தால் அப்பா இருப்பார், டிரைவர் போய்விடுவார். இரண்டு குடும்பமும் அவள் விரலுக்குப் பக்கத்தில் ஒரு கல்லின் மேல் இருந்தன. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். அப்பாவைக் காப்பாற்றத்தான் நின்றேன் என்று பிறகு சில நாள் தனக்குச் சொல்லிக்கொண்டாள். உண்மை அதைவிடச் சின்னது. அத்தனை வருஷப் படிப்பில் அவள் கையால் எதுவும் உண்டாகி அவள் பார்த்ததில்லை. அந்த வாத்தைப் பார்க்க வேண்டும் போலிருந்தது.

அப்பாவும் அசையவில்லை. அவருக்கும் ஒரு தும்மல் போதுமாயிருந்தது.

அட்டையைத் திரும்ப வைத்து, விளக்கைப் போட்டு, வாத்தை எடுத்துவிட்டு, தகட்டை மேசை விளக்குக்கு நேரே பிடித்தாள். கண்ணாடிக்குப் பின்னால், ஒன்றும் இல்லாத இடத்தில், வாத்து உட்கார்ந்திருந்தது. தலையை நகர்த்தினால் அதன் வால் தெரிந்தது, இந்தப் பக்கம் வந்தால் மார்பு தெரிந்தது. கையை விட்டால் காற்றுதான். அம்மா கூட வந்து குனிந்து பார்த்துவிட்டு, "நெசமாவே இருக்கு" என்றாள்.

அப்பா தகட்டை வாங்கினார். வலப்பக்கம் சாய்த்தார், இடப்பக்கம் சாய்த்தார். வலப்பக்கம். மறுபடியும் இடப்பக்கம். விளக்கின் கிட்டே கொண்டுபோனார், தள்ளிப் பிடித்தார்.

"சரி" என்றார்.

மகளுக்கு அந்த "சரி" பிடிக்கவில்லை. "வாத்து எந்தப் பக்கம் பாக்குதுப்பா?" என்று சாதாரணமாகத்தான் கேட்டாள்.

இன்னொரு தடவை சாய்த்தார். "நேரா."

அம்மா மகளைப் பார்த்தாள். ஸ்டூல் கிறீச்சிட்டது. அப்பா தகட்டை மேசையில் வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"விளக்கு மட்டும்தாம்மா தெரியுது. வெள்ளையாப் பரவி நிக்குது. போன வருஷத்துலேருந்தே அப்படித்தான்."

"அப்ப ஜிகினா?"

"பளபளன்னு இருந்தா 'சரி'ன்னுடுவேன்."

மேலே மிஷின் மறுபடியும் ஓடத் தொடங்கியது. பிறகு அம்மா போய் ஃபிரிட்ஜின் வயரைச் சொருகினாள்.

"நாளைக்குப் போய்ச் சொல்லிடறேன்" என்றார் அப்பா. "நீயும் தகட்டை எடுத்துக்கிட்டு வா. இதுக்கும் ஜிகினாவுக்கும் சம்பந்தமே இல்லைன்னு நீ விளக்கிச் சொல்லு. மிச்சத்தை நான் சொல்லிக்கறேன்."

விசாரணை அறையில் டிரைவர் இஸ்திரி போட்ட சட்டையில் உட்கார்ந்திருந்தார். அவளைப் பார்த்ததும், "வந்துடுச்சாம்மா?" என்று ஆவலாகக் கேட்டார். அவள் நீட்டிய தகட்டை மேனேஜர் மேசை விளக்கில் பிடித்துப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். பக்கத்தில் இருந்த கணக்கரைக் கூப்பிட்டுக் காட்டினார். இருவரும் மாறி மாறித் தலையை ஆட்டி வாத்தைச் சுற்றிப் பார்த்தார்கள்.

"வீட்டுலதான் செஞ்சீங்களா?"

"ஆமா சார். ஆனா..." என்று மகள் ஆரம்பித்தாள். இது ஒற்றைக் கண்ணாடி. ஜிகினா வேறு வகை. அதற்கு உலோக அச்சு வேண்டும், பெரிய இயந்திரம் வேண்டும். ஒரு வாத்துக்கே எங்களுக்கு ஒரு மாதம் ஆயிற்று. வரிசையாக எல்லாவற்றையும் சொன்னாள். தேர்வில் எழுதியதைவிட நன்றாகவே சொன்னாள்.

மேனேஜர் பொறுமையாகக் கேட்டார். "வாத்து வருதுன்னா முத்திரை வராதா?"

"அது வேறங்க சார்."

"முடியுதா, முடியலையா?"

"...முடியுது சார்."

எழுதிக்கொண்டார்கள். அவள் சொன்ன 'ஆனா' அந்தத் தாளில் ஏறவில்லை.

மேனேஜர் அப்பாவிடம் திரும்பினார். "நீங்க வேற எதாவது சொல்லணுமா?"

அப்பா எழுந்து நின்றார். கைக்குட்டையை எடுத்தார், திரும்ப வைத்துக்கொண்டார். எதிரில் டிரைவர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார், நம்பிக்கையாக. மகள் தரையைப் பார்த்தாள்.

"இல்ல சார்" என்றார் அப்பா.

டிரைவருக்கு அன்று சாயங்காலமே கணக்கு முடித்துக் கொடுத்துவிட்டார்கள். தகடு மேனேஜரின் மேசையில் தங்கிவிட்டது. வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுவாராம். அப்பா அதற்கு மறுநாளே பெட்டி பார்ப்பதை விட்டுவிட்டு, முதுகு வலி என்று சொல்லி, கேட் பாஸ் எழுதுகிற இடத்துக்கு மாற்றல் வாங்கிக்கொண்டார். அங்கே எதையும் சாய்க்க வேண்டியதில்லை. ஓய்வு பெறும் வரை அங்கேயே இருந்தார். ஓய்வுக்குப் பிறகுதான் கண்ணுக்கு ஆபரேஷன் செய்துகொண்டார். பார்வை நன்றாகத் திரும்பியது. அதைப் பற்றி அவர் பெருமையாக எதுவும் பேசியதில்லை.

லாரி டியூபைத் திருப்பிக் கொடுக்கப் போனபோதே டிரைவரிடம் உண்மையைச் சொல்லிவிடுவதாகத்தான் அப்பா கிளம்பினார். டிரைவர் வீட்டில் உட்காரச் சொன்னார்கள், உட்கார்ந்தார். டிரைவரின் மனைவி தண்ணீர் கொடுத்தாள், குடித்தார். பூனை மடியில் ஏறியது. வந்துவிட்டார். "சொன்னீங்களா?" என்று அம்மா கேட்டதற்கு, "பூனை இருந்துச்சு" என்றார். டிரைவர் பிறகு ஒரு பள்ளிக்கூட வேன் ஓட்டினார், சம்பளம் பாதி. அப்பா ஏதாவது சாக்கு வைத்துக்கொண்டு அந்தப் பக்கம் போவதும், வேன் கழுவுவதைப் பார்த்துக்கொண்டு நிற்பதும், வானிலை பற்றிப் பேசிவிட்டு வருவதுமாகவே வருஷங்கள் ஓடின. மகளுக்கு ஒரு பரிசோதனைக் கூடத்தில் வேலை கிடைத்தது. "நீங்க சொல்லலைன்னா நான் சொல்லிடுவேன்பா" என்று ஒரு தடவை சொன்னாள். "அது நான் சொல்ல வேண்டியது" என்றார். அவளும் அத்தோடு விட்டுவிட்டாள். அதை மதித்து விட்டாளா, சௌகரியமாக இருந்ததால் விட்டாளா என்று அவளுக்கே தெளிவில்லை.

அப்பா ஒரு மழைக்காலத்தில் நெஞ்சுவலி வந்து, ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் போய்விட்டார்.

எல்லாரும் வந்து போன பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை, டிரைவர் தனியாக வந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. அம்மாவிடம் கொஞ்ச நேரம் பேசினார். கிளம்பும்போது வாசல்வரை மகள் கூட வந்தாள். செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்.

"உங்கப்பா அடிக்கடி வந்து நிப்பாரும்மா. என்னமோ கேக்க வர்றாரு, வாய் வராம திரும்பிப் போறாருன்னு தெரியும். பணமா இருக்கும்னு நெனச்சேன். உன் கல்யாணத்துக்கோ என்னவோ. கூச்சப்படற மனுஷன், நானா எப்படிக் கேக்கறதுன்னு விட்டுட்டேன்."

"அப்படி இல்ல சித்தப்பா."

"இருந்தா என்ன தப்பு? கேட்டிருந்தா எப்படியாவது பொரட்டிக் குடுத்திருப்பேன்" என்றார் டிரைவர். "என்ன வேணும்னு உனக்குத் தெரியுமா?"

அவள் தலையசைத்தாள். தெரியும் என்கிறாளா, தெரியாது என்கிறாளா என்று அவருக்குப் புரியவில்லை போலிருக்கிறது. குடையை விரித்துக்கொண்டு வேனை நோக்கிப் போய்விட்டார்.